எலிக்குச் சரியாகிவிட்டதாம், நம் மாத்திரையை நிறுத்தலாமா?

"இதயச் செயலிழப்புக்கு மருந்து கண்டுபிடித்தாயிற்று" என்ற வாட்ஸ்அப் செய்தி அடிக்கடி சுற்றுகிறது. கடைசிப் பத்தி வரை படித்தால்தான் அது எலியில் நடந்த ஆய்வு என்று தெரியும். அதுவரை யார் படிக்கிறார்கள்? (இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவதல்ல; தளர்ந்துபோய் உடம்புக்குத் தேவையான ரத்தத்தைத் தள்ள முடியாமல் போவது.) குன்னூரில் என்னிடம் வரும் எஸ்டேட்காரர்களில், "எலிக்குச் சரியாயிடுச்சாமே டாக்டர், இந்த நீர் மாத்திரையை விட்டுடலாமா?" என்று கேட்பவர்கள் பரவாயில்லை. கேட்காமலே விட்டுவிட்டு, கால் வீங்கி, ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கி, அப்புறம் வருகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எலிக்கு இந்த நோயை வரவைக்க ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்? சுண்டெலிக்கு மயக்க மருந்து கொடுத்து, மார்பைத் திறந்து, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் வளைவில் 27 கேஜ் என்ற அளவுள்ள மெல்லிய ஊசி ஒன்றை வைப்பார்கள். ரத்தக்குழாயையும் ஊசியையும் சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு ஊசியை உருவிவிடுவார்கள். ஊசி இருந்த இடம்தான் இனி ரத்தம் போகும் வழி. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தசை முதலில் தடிக்கும், சில வாரங்களில் தளர்ந்துவிடும். பெரிய எலிகளில் இதயத்துக்கு ரத்தம் தரும் தமனியையே முடிச்சுப் போட்டு மாரடைப்பை உண்டாக்குவதும் உண்டு. மனிதருக்குப் பல வருடம் எடுத்து வரும் நோய் அங்கே ஒரு மாதத்தில் வந்துவிடும். ஆராய்ச்சிக்கு அது பெரிய வசதி.

ஆனால் அந்தச் சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500, 600 முறை துடிக்கிறது. தசையைச் சுருங்க வைக்கும் மயோசின் புரதம் அதற்கு ஆல்ஃபா வகை, நமக்குப் பெரும்பாலும் பீட்டா வகை. அதோடு ஆய்வக எலி பொதுவாக இளவயது, அளந்து போட்ட தீனி, வேறு நோய் கிடையாது. என் நோயாளியோ எழுபது தாண்டிய பாட்டி. சுகர், பிரஷர், கிட்னி கொஞ்சம் மந்தம், காலமெல்லாம் விறகடுப்புப் புகை, தட்டில் தினமும் கருவாடோ ஊறுகாயோ. அவருடைய நோயை எந்த ஊசியும் நூலும் உண்டாக்கவில்லை.

அதற்காக எலி ஆய்வை வீண் என்று சொல்ல மாட்டேன். மாரடைப்பு உண்டாக்கிய எலிகளுக்கு கேப்டோப்ரில் என்ற பிரஷர் மருந்தைக் கொடுத்தபோது அவை கூடுதல் நாள் வாழ்ந்ததை ஃபெஃபர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1985-ல் காட்டினார்கள். பிறகு 2,231 நோயாளிகளிடம் அதே மருந்தைச் சோதித்து 1992-ல் முடிவு வந்தது: இறப்பு 19 சதவீதம் குறைந்திருந்தது. உங்கள் மாத்திரைப் பெட்டியில் 'ப்ரில்' என்று முடியும் பெயர் இருந்தால், அது இந்த வழியில் வந்த குடும்பம். ஆனால் எலிக்கும் மனிதருக்கும் இடையில் ஏழு வருடம் இருந்ததைக் கவனியுங்கள்.

மறுபக்கமும் உண்டு. டி.என்.எஃப் என்ற அழற்சிப் பொருளை இதயத்தில் அதிகமாகச் சுரக்கவைத்த சுண்டெலிகளுக்கு இதயம் தளர்ந்தது. அதைத் தடுத்தால் நோய் தீரும் என்று நம்பி மனிதர்களிடம் போனார்கள். அதைத் தடுக்கும் மருந்துகளில் எட்டனர்செப்ட் பயன் தரவில்லை. இன்னொன்றான இன்ஃப்ளிக்ஸிமாப் அதிக அளவில் கொடுத்தபோது நோயாளிகள் இன்னும் மோசமானார்கள். மனிதரிடம் முதலில் தெரிந்து பிறகு எலிக்குப் போன கதையும் உண்டு. "எனக்கு சுகரே இல்லையே, ஏன் சுகர் மாத்திரை எழுதுகிறீர்கள்?" என்று பலர் கேட்கிறார்கள். சுகருக்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் இதயத்துக்கு உதவும் என்பது சுகர் நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வுகளில்தான் முதலில் பளிச்சென்று தெரிந்தது. எப்படி உதவுகிறது என்று இப்போது எலிகளிடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்!

இந்த ஊருக்கும் இதில் பங்கு உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி என்ற நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அப்படித் தொடங்கிய ஆய்வுக்கூடம் வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது; அதுதான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். தீட்டிய அரிசி தின்ற புறாக்களைக் கொண்டு மெக்காரிசன் ஆராய்ந்தார். பி1 வைட்டமின் குறைந்தால் பெரிபெரி வரும், அதில் ஒரு வகை இதயத்தையே தளர்த்திவிடும். பறவைக்கும் மனிதருக்கும் காரணம் ஒன்றேதான் என்பதால் அங்கே விலங்கு நேராக வழி காட்டியது. பல காரணம் சேர்ந்து வரும் பாட்டியின் நோயில் அது பாதி வழிதான் காட்டும்.

ஆகவே செய்தி வந்தால் முதலில் யாரிடம் சோதித்தார்கள் என்று பாருங்கள். எலி என்றால் மாத்திரையில் கை வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் செய்தியோடு டாக்டரிடம் வாருங்கள், பேசலாம். இன்னொன்று: மேடு ஏறினால் எல்லோருக்கும்தான் மூச்சு வாங்கும் என்று மலையில் நாம் எதையும் தள்ளிவிடுகிறோம். போன மாதம் நிற்காமல் ஏறிய படிக்கட்டில் இப்போது பாதியில் நிற்க வேண்டியிருந்தால் அது மேட்டின் குற்றமல்ல. குளிருக்குப் போட்ட சாக்ஸ் கால் வீக்கத்தை மறைத்துவிடும். ராத்திரி கழற்றும்போது எலாஸ்டிக் தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறதா, எலும்பின் மேல் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா என்று பாருங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்த்துக் காலண்டரில் எழுதிவையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே வந்துவிடுங்கள்.