பொழி அடைந்து கிடந்தால் புல் என்ன செய்யும்?

களியக்காவிளைக்குத் தெற்கே, கேரள எல்லையை ஒட்டிய கடற்கரையில் ஒரு ரிசார்ட். தென்னந்தோப்பை மட்டப்படுத்தி, சின்னதாக ஒரு கோல்ஃப் கோர்ஸ் போட்டிருந்தார்கள். இரண்டு தடவை புல் செத்துவிட்டது, மூன்றாவதாக எந்த ரகம் வைக்கலாம் என்று கேட்கத்தான் கூப்பிட்டார்கள். புல்தரைப் பராமரிப்புதான் என் பிழைப்பு. கடலோரத்தில் எங்கே போனாலும் முதல் கேள்வி இதுதான்.

கிரீனில், அதாவது பந்தை உருட்டிக் குழியில் போடும் புல்தரையில், குழி வெட்டும் கருவியை இறக்கி ஒரு கட்டி எடுத்தேன். மேலே இரண்டு அங்குலம் நல்ல மணல். அதற்குக் கீழே சுண்டுவிரல் அகலத்துக்கு மை போலக் கறுத்த ஒரு பட்டை. முகர்ந்தால் கூமுட்டை நாற்றம். ஒரு வேர்கூட அந்தக் கறுப்பைத் தாண்டி இறங்கவில்லை. மண்ணில் தண்ணீர் தேங்கிக் காற்று போய்விட்டால் சில பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். அந்த நாற்றம் அதனுடையது; இரும்போடு சேர்ந்து கறுப்பதும் அதுதான். கடல் கலந்த நீரில் சல்ஃபேட்டுக்கா பஞ்சம்!

"பொழி அடஞ்சு கெடக்குல்லா சாரே, தண்ணி எங்க போவும்?" என்றார் பக்கத்தில் நின்ற வயதான தோட்டக்காரர். ஆறு கடலில் சேரும் வாயைத்தான் பொழி என்பார்கள். நான் பிறகு எழுதிக் கொடுத்த எட்டுப் பக்க அறிக்கையில் அவர் சொன்னதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை.

கட்டுமானத்தில் குறை சொல்ல முடியாது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் வகுத்த முறைப்படி 12 அங்குல மணல், அடியில் 4 அங்குல ஜல்லி, அதற்கும் கீழே வடிகுழாய். ஆனால் குழாயின் வாய் கால்வாய்த் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது. ஆற்று வாயை மணல் அடைத்ததும் உள்ளே நீர்மட்டம் ஏறும், தோப்பின் அடிநீரும் கூடவே ஏறும். வாவு நாளில் (அமாவாசை, பௌர்ணமி) வேலியேற்றமும், அதாவது கடல் ஏற்றமும், சேர்ந்துகொள்ளும். தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய குழாய், உப்பை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

இந்த நிலையில் பாஸ்பாலம் வைத்தாலும் பிழைப்பது கஷ்டம். கடலோரத்தில் தானாகவே வளரும் புல் அது. நம் அருகம்புல் இனமான பெர்முடாவைவிட உப்பை நன்றாகத் தாங்கும். ஆனால் உப்பைத் தாங்குவது வேறு, மூச்சு முட்டுவதைத் தாங்குவது வேறு.

அடுத்த தப்பு தினமும் மாலையில் பத்து நிமிடம் ஸ்பிரிங்க்ளர் போடுவது. தண்ணீர் ஆவியாகும், உப்பு மேலேயே தங்கும். ஓர் அடி ஆழ மண்ணுக்குள் அரை அடி நல்ல தண்ணீர் இறங்கிப் போனால் ஏறக்குறைய பாதி உப்பு கழுவப்படும்; ஓர் அடி இறங்கினால் 80 சதவீதம் வரை போகும். இறங்குவதற்கு வழி இருந்தால்தான் இந்தக் கணக்கு. போர்வெல்லில் எடுப்பதற்கும் அளவு வேண்டும். கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழிருந்து உப்பு காலப்போக்கில் சுமார் 40 அடி ஏறலாம் என்பது பழைய கணக்கு.

ஜிப்சம் போட்டு மண்ணைத் திருத்தலாமா? ஃபேர்வேயில், அதாவது கிரீன் வரை பந்தை அடித்துப் போகும் நீண்ட புல்வெளியில், களிமண் என்றால் போடலாம். காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் விட்டுப் போடுங்கள். கலக்காமலே பால் போலக் கலங்கினால் அது களர் (சோடியம் மிகுந்த மண்), ஜிப்சம் வேலை செய்யும். வெறும் மணல் கிரீனில் கொட்டுவது காசுக்குக் கேடு.

எர்ணாகுளம் பக்கத்தில் பொக்காளி என்ற, உப்பைத் தாங்கும் நெல்லைப் பயிரிடும் விவசாயிகளுக்கு இதெல்லாம் தெரிந்த விஷயம். கோடையில் வயலை வடித்து, மண்ணைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைப்பார்கள். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, அந்தக் கூம்புகளில் இருக்கும் உப்பைக் கழுவி இறக்கிய பிறகுதான் முளைகட்டிய நெல்லை அதன் உச்சியில் விதைப்பார்கள். ஆக, முதலில் மேடு, பிறகு மழை, கடைசியில் பயிர்.

நாங்களும் அந்த வரிசையைத்தான் பிடித்தோம். வடிகுழாயின் வாயை ஒரு தொட்டிக்குள் திருப்பி, மிதவை சுவிட்ச் வைத்த மோட்டாரால் தண்ணீரை இறைத்து வெளியேற்றினோம். கிரீனில் குத்தூசியால் நெருக்கமாகத் துளை போட்டு மணல் நிரப்பினோம். அப்புறம் மழைக்கு விட்டுவிட்டோம்.

ஆவணிக் கடைசியில் போய் மறுபடி ஒரு கட்டி எடுத்தேன். கறுப்பு சாம்பலாக வெளுத்திருந்தது. மணல் நிரப்பிய துளைகள் வழியே நாலைந்து வெள்ளை வேர்கள் கீழே இறங்கியிருந்தன. மூன்றாவது புல்லுக்கான ஆர்டரை ரிசார்ட்காரர்கள் இன்னும் ரத்து செய்யவில்லை என்று தோட்டக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.