சிறையின் மதிலைத் தீர்மானிக்கும் கூட்டல் கணக்கு

அமெரிக்காவில் மத்தியச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டவர் எத்தனை ஆண்டுகள் சிறையிலிருக்க வேண்டும் என்பதை நீதிபதி விதிக்கிறார். எந்தச் சிறையில் என்பதை அவர் பரிந்துரைக்கலாமே தவிர, முடிவெடுக்கும் அதிகாரம் மத்தியச் சிறைத் துறைக்கே உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் கிராண்ட் பிரெய்ரியில் உள்ள அத்துறையின் அலுவலகம், நீதிமன்ற ஆவணங்களைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் புள்ளிகள் போட்டுக் கூட்டுகிறது.

ஆண்களுக்கு 11 புள்ளிகள் வரை மிகக் குறைந்த பாதுகாப்பு நிலை. 12 முதல் 15 வரை குறைந்த நிலை. 16 முதல் 23 வரை நடுத்தர நிலை. 24-ஐத் தொட்டால் உயர் நிலை. முதல் நிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் வேலியே இல்லாத அல்லது பெயரளவு வேலி கொண்ட முகாம்களில், பொதுக்கூடங்களில் உறங்குகிறார்கள். உயர் நிலையிலோ மதிலும் கண்காணிப்புக் கோபுரங்களும் அறைச்சிறையும் காத்திருக்கின்றன.

குற்றத்தின் கடுமை, முந்தைய தண்டனைகள், வன்முறை, தப்பியோடிய வரலாறு ஆகியவை கணக்கில் வருவதை எவரும் எதிர்பார்ப்பார்கள். வியப்பளிப்பது வயதுக்குரிய எடை. 24 வயதும் அதற்குக் கீழும் என்றால் 8 புள்ளிகள். 25 முதல் 35 வரை 4. 36 முதல் 54 வரை 2. 55 முதல் ஏதுமில்லை. வன்முறையும் ஒழுங்குமீறலும் இளமையில் மிகுந்து, வயதேற ஏறத் தணிகின்றன என்ற நெடுங்கால அனுபவமே இதன் அடிப்படை. பள்ளிப் படிப்பை முடிக்காதவருக்கு 2 புள்ளிகள், அண்மைக்காலப் போதைப்பழக்கத்திற்கு 1. ஆக, படிப்பை இடையில் விட்ட, போதைப்பழக்கமுள்ள 23 வயது இளைஞன், அவன் செய்த குற்றத்தைக் கணக்கிடும் முன்பே 11 புள்ளிகளுடன் முகாமின் எல்லைக்கோட்டில் நிற்கிறான். தண்டனை விதிக்கப்பட்டபின் தானாகவே வந்து சிறையில் சேரும் 56 வயதுப் பட்டதாரிக்கோ 3 புள்ளிகள் கழிகின்றன. இந்தப் படிவம் அளப்பது பழியை அன்று, அபாயத்தை. ஆயினும் வறுமையின் தடயங்கள் அதில் அபாயமாகவே பதிவாகின்றன என்பதை மறுக்க இயலாது.

கூட்டுத்தொகை மட்டுமே இறுதிச் சொல்லாகிவிடுவதில்லை. இன்னும் 30 ஆண்டுகளுக்கு மேல் தண்டனை எஞ்சியிருக்கும் ஆண், புள்ளிகள் எவ்வளவு குறைவாக இருந்தாலும், பொதுவாக உயர் நிலைக்கே அனுப்பப்படுவார். நிலை முடிவானபின் படுக்கை இடம், மருத்துவத் தேவை, பகைவர்களைப் பிரித்து வைத்தல் ஆகியவை பார்க்கப்படுகின்றன. இயன்றவரை வீட்டிலிருந்து 500 மைல் சாலைத் தொலைவுக்குள் இடம் தர வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. உள்ளே சென்றபின் நடத்தையைப் பொறுத்து மதிப்பீடு மீண்டும் மீண்டும் திருத்தப்படுகிறது.

இத்தகைய எல்லைக்கோடுகள் ஆய்வாளர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பைத் தந்தன. ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டால் கோட்டின் இருபுறமும் விழுந்தவர்கள் ஏறத்தாழ ஒரே வகையினர் என்பதால், விடுதலைக்குப் பின் அவர்கள் சென்ற வழியை ஒப்பிட முடிந்தது. 2007-இல் வெளியான அத்தகைய ஆய்வொன்றில், கடுமையான சிறைக்குச் சென்றவர்கள் மீண்டும் கைதாவது குறைந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. கிடைத்த மதிப்பீடுகள் அதிகரிப்பின் பக்கமே சாய்ந்தன.