புது பிக்கப்பில் டிஃபரன்ஷியல் ஆயில் குறைந்திருந்தால்

புது பிக்கப் வாங்கியவர்கள் டிப்ஸ்டிக்கை இழுத்து என்ஜின் ஆயில் பார்க்கிறார்கள், கூலன்ட் பார்க்கிறார்கள், டயரில் காற்று பார்க்கிறார்கள். பின் ஆக்சிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியலை, அதாவது என்ஜினின் சுழற்சியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியை, பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதற்கு டிப்ஸ்டிக் கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் அதற்கென்று எச்சரிக்கை விளக்கும் கிடையாது. வண்டிக்கு அடியில் படுத்து ஒரு பிளக்கைக் கழற்றினால்தான் உள்ளே எவ்வளவு ஆயில் இருக்கிறது என்று தெரியும். கழற்றிப் பார்க்காமல் விட்டால், குறைவு சத்தமாகத்தான் வெளியே வரும். அந்தச் சத்தம் காதில் விழும் நேரத்தில் பல்லோ பேரிங்கோ தேய்ந்து போயிருக்கும்.

பட்டறைக்கு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். என்ஜின் ஆயில் ஓட ஓடக் கொஞ்சம் எரியும். பிரேக் லைனிங் தேயத் தேய பிரேக் ஆயில் மட்டம் இறங்கும். டிஃபரன்ஷியல் ஆயிலுக்கு அப்படி ஒரு செலவே இல்லை. ஹவுசிங் என்ற மூடிய இரும்புக் கூட்டுக்குள் அதே ஆயில்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. புது வண்டியில் அது குறைந்திருந்தால் காரணம் இரண்டில் ஒன்று: ஆரம்பத்திலேயே குறைவாக ஊற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் எங்கேயோ ஒரு வழியாக வெளியேறுகிறது. இரண்டில் எது என்று தெரியாமல் ஊற்றி மூடிவிட்டால், கோளாறையும் சேர்த்து உள்ளே வைத்து மூடியதாக ஆகிவிடும்.

கால் லிட்டர், அரை லிட்டர் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் அந்தக் கேள்வி எழாது. கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நுனியில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அது கிரவுன் வீல் என்ற பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. பெரும்பாலான பிக்கப்களில் இது ஹைபாய்டு வகை. பினியனின் மையம் கிரவுனின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றே கீழே தள்ளி இருக்கும். 1920-களில் கார்களுக்கு வந்த அமைப்பு இது. ஷாஃப்ட் தாழ்வாகப் போவதால் வண்டியின் தளமும் தாழ்ந்தது, பற்கள் ஓடும் சத்தமும் குறைந்தது. அதற்கு ஒரு விலையும் உண்டு. ஹைபாய்டு பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருள்வதோடு, நீளவாக்கில் வழுக்கிக்கொண்டும் போகின்றன. பாரம் ஏறும்போது இரண்டு பற்களுக்கு இடையில் இருக்கும் ஆயில் படலம் நசுங்கி, கிட்டத்தட்ட இல்லாமலே போகும். அந்தக் கணத்தில் பல்லைக் காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள். சூட்டில் அவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய கவசமாகப் படிகின்றன. கியர் ஆயிலைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி இந்தக் கந்தகத்தினுடையதுதான்.

உள்ளே ஆயிலைத் தள்ளிக் கொடுக்கப் பெரும்பாலும் பம்ப் எதுவும் இல்லை. கிரவுன் வீலின் அடிப்பகுதி ஆயிலில் முங்கியபடி சுழலும். சுழலும் வேகத்தில் அது ஆயிலை வாரி மேலே வீசும். வீசப்பட்ட ஆயில் ஹவுசிங்கில் உள்ள வாய்க்கால் வழியாக ஓடிப் பினியன் பேரிங்குகளுக்குப் போய்ச் சேரும். இரண்டு பினியன் பேரிங்குகளில் முன்னால் இருப்பது ஆயில் தேங்கும் இடத்திலிருந்து தள்ளி, உயரமாக இருக்கிறது. வண்டி மேட்டில் ஏறும்போது டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், ஆயில் பின்பக்கம் ஒதுங்கும். ஏற்றம், பின்னால் டிரெய்லர், தொட்டி நிறையச் சுமை, உள்ளே குறைவான ஆயில் எல்லாம் ஒன்றுசேர்ந்தால் முதலில் காய்வது இந்த முன் பேரிங்தான். பிக்கப் வாங்குவதே இப்படிப்பட்ட வேலைகளுக்குத்தான் என்பதால், காரை விட இதில் எனக்குக் கவலை அதிகம்.

புது வண்டிக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும் காலத்தில் சூடு அதிகம், மெல்லிய இரும்புத் தூளும் கழன்று வரும். ஆரம்பத்தில் டிரெய்லர் இழுக்க வேண்டாம் என்று பல பிக்கப்களின் கையேட்டில் எழுதியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் 800 கிலோமீட்டர் வரை கூடாது என்ற கணக்கைப் பல கையேடுகளில் பார்க்கலாம். உங்கள் வண்டிக்கு என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு அதன்படியே நடங்கள்.

ஒருவர் புது டபுள் கேபின் பிக்கப்பைக் கொண்டுவந்தார். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னாலிருந்து ஊளை, காலை எடுத்தால் அமைதி. அதற்கு முன் காட்டிய இடத்தில், “புது கியர்தானே, ஓட ஓடப் பழகிவிடும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்திவிட்டு அடியில் போனேன். ஹவுசிங் சுத்தமாக உலர்ந்திருந்தது. பினியன் சீலைச் சுற்றி ஈரமில்லை, இரண்டு சக்கரங்களின் உட்பக்கமும் காய்ந்திருந்தது, ஹவுசிங்குக்குள் காற்று போய்வர வைத்திருக்கும் ப்ரீதர் துளையில் ஆயில் கசிந்த தடம் இல்லை. மேல் பிளக்கின் தலையில் பெயிண்ட் கூடக் கலையவில்லை. தொழிற்சாலைக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றி விரலை உள்ளே விட்டுக் கீழ்நோக்கி வளைத்தேன். இரண்டாவது கணு வரை இறங்கியும் ஆயில் தட்டுப்படவில்லை. ஒழுகியிருந்தால் வெளியே தடயம் இருந்திருக்கும். தடயமே இல்லாததால், ஊற்றும்போதே குறைந்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தோம். ஒரு சொட்டும் ஊற்றவில்லை. பிளக், ஹவுசிங், ஓடோமீட்டர் மூன்றையும் படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுக்கச் சொன்னோம். வண்டியை ஓட்டாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிரவுனும் பினியனும் பேரிங்குகளும் வாரன்டியில் மாற்றப்பட்டன. அவசரப்பட்டு ஆயிலை ஊற்றியிருந்தால் சத்தம் சற்றே அடங்கியிருக்கும், அத்தாட்சியும் போயிருக்கும்.

வீட்டிலேயே பார்க்க விரும்புபவர்களுக்கு: வண்டி சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும். பிக்கப்பின் உயரத்துக்குப் பெரும்பாலும் ஜாக்கியே தேவைப்படாது. முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டுப் பார்த்தால் ஆயில் பின்னுக்கு ஓடும். பிளக் பின் மூடியில் இருக்கும் வண்டியில் குறைந்த ஆயிலும் நிறைந்ததாகக் காட்டும். தூக்கியே ஆக வேண்டும் என்றால் நான்கு மூலையையும் சமமாகத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை வைக்காதீர்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது சமதளத்திலும் அவசியம். இப்போதுதான் ஓடி வந்த வண்டி என்றால் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். பல்லிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் ஆயில் கீழே இறங்கட்டும். கொதிக்கும் ஆயில் கையில் படாமலும் இருக்கும்.

பெரும்பாலான ஹவுசிங்கில் இரண்டு பிளக் இருக்கும். மேலே இருப்பது ஊற்றுவதற்கு, அடியில் இருப்பது வடிப்பதற்கு. சில வண்டிகளில் அடிப் பிளக்கே இருக்காது, பின் மூடியைக் கழற்றித்தான் வடிக்க வேண்டும். எதைச் செய்வதாக இருந்தாலும் மேல் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். கீழ்ப் பிளக்கைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் இறுகிப்போய் வராமல் நின்றால், வண்டியை நகர்த்தவும் முடியாது, ஆயில் ஊற்றவும் முடியாது. பிளக்கின் தலை அறுகோணமாக இருக்கலாம், ஆலன் சாவி போடும் குழியாக இருக்கலாம், ராட்செட்டின் சதுர முனை நேராக நுழையும் குழியாகவும் இருக்கலாம். சில ஆக்சில்களில் வெறும் ரப்பர் பிளக்தான். அளவு சரியாகப் பொருந்தும் கருவி கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், தலை மழுங்கிவிட்டால் பிறகு பெரும்பாடு. கழற்றுவதற்கு முன் சுற்றிலும் உள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். உள்ளே விழும் ஒரு துளி மணலும் பேரிங்கைத்தான் தேடிப் போகும்.

பிளக்கை எடுத்ததும் ஆயில் மெல்ல வழிந்தால் பயப்பட வேண்டாம்; நிற்கும் வரை கீழே ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். வழியவில்லை என்றால் சுண்டு விரலையோ வளைத்த சுத்தமான கம்பியையோ விட்டுப் பாருங்கள். துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் இருப்பதே பொதுவான கணக்கு. சில தயாரிப்பாளர்கள் விளிம்புக்கு இத்தனை மில்லிமீட்டர் கீழே என்று தனியாகக் குறிப்பிடுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் விளிம்பு வரை நிரப்பினால் கூடுதலாகிவிடும், அதனால் கையேட்டைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

பிளக்கில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். பற்பசை போல வழவழப்பாக ஒட்டியிருக்கும் சாம்பல் நிறத் தூள் புது வண்டியில் இயல்பு. விரலில் வைத்துத் தேய்க்கும்போது குத்துகிற செதிலோ, பல் உடைந்த துண்டோ இருந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு சர்வீஸுக்குச் சொல்லிவிடுங்கள். ஆயில் பால் நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான ஆக்சில் திடீரென்று குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ப்ரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளத்தில் இறங்கிய வண்டி புதிதானாலும் இதைப் பார்த்தே ஆக வேண்டும். கலங்கிய ஆயிலின் மேல் நல்ல ஆயிலை ஊற்றுவதில் பயனில்லை, முழுவதும் வடித்து மாற்ற வேண்டும்.

ஒழுகல் எங்கே என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. பினியன் சீல் போனால், சுழலும் ஷாஃப்ட் ஆயிலைச் சுழற்றி வீசி வண்டியின் அடித்தளத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டிருக்கும். ஆக்சில் முனை சீல் போனால் சக்கரத்தின் உட்பக்கம் பிசுபிசுக்கும், ஆயில் பிரேக்குக்குள் இறங்கும். இதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். ஆயில் ஊறிய பிரேக் லைனிங் ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் வழுக்கும். ஊறிய லைனிங்கைக் கழுவிப் போடுவதை விட மாற்றுவதே நல்லது. ப்ரீதர் அடைத்திருந்தால், சூட்டில் உள்ளே ஏறும் அழுத்தம் நல்ல சீல்களின் வழியாகவும் ஆயிலை வெளியே தள்ளும். சீலை மட்டும் மாற்றிவிட்டு ப்ரீதரைப் பார்க்காமல் விட்டால் புதுச் சீலும் ஒழுகும்.

காரணம் தெரிந்த பிறகுதான் ஊற்றுவது. கையேட்டில் 75டபிள்யூ-85, 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90, 75டபிள்யூ-140 என்று ஏதாவது ஒரு தடிமன் போட்டிருக்கும். கியர் ஆயிலின் தரக் குறியீடாக ஏபிஐ ஜிஎல்-5 என்று பெரும்பாலும் இருக்கும். கியர்பாக்ஸுக்கு வாங்கிய ஜிஎல்-4 மீதி இருக்கிறதே என்று அதை ஊற்றாதீர்கள். ஹைபாய்டு பல்லைக் காக்கும் சேர்மம் அதில் குறைவு. ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றுவதும் தவறு, அங்குள்ள பித்தளை வளையங்களை அது அரிக்கக்கூடும். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியல் என்றால் உராய்வைச் சீராக்கும் தனிச் சேர்மம் கலந்த ஆயில் தேவைப்படலாம். அது இல்லாமல் திருப்பத்தில் வண்டி பின்னால் அதிர்ந்து அதிர்ந்து திரும்பும். வழியில் மாட்டிக்கொண்டு, உள்ளே ஆயில் மிகக் குறைவு என்று தெரிந்தால், கிடைக்கிற ஜிஎல்-5-ஐ ஊற்றிக்கொண்டு மெதுவாக ஓட்டி வாருங்கள் என்பேன். வறட்சியாக ஓட்டுவதை விட அது மேல். வந்து சேர்ந்ததும் வடித்துச் சரியான ஆயிலை ஊற்றிவிடலாம்.

தடித்த ஆயில் என்பதால் கைப் பம்போ, குழாய் மாட்டிய பாட்டிலோ இருந்தால் வேலை எளிது. கொஞ்சம் ஊற்றி, மட்டம் அடங்க நேரம் கொடுத்து, மீண்டும் ஊற்றுங்கள். அதிகமாக ஊற்றுவதும் கெடுதல்தான்: கிரவுன் வீல் கடைந்து நுரையாக்கும், சூடு ஏறும், ப்ரீதர் வழியாகப் பொங்கும். வாஷர் போடும் பிளக் என்றால் புது வாஷர் போட்டு, கையேட்டில் சொன்ன இறுக்க அளவுக்கு (டார்க்) மட்டும் இறுக்குங்கள். நான்கு சக்கர இயக்க வண்டியில் முன் டிஃபரன்ஷியலும், சுழற்சியை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தனித்தனி. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பல வண்டிகளில் முற்றிலும் வேறு ஆயில், அதனால் மூன்றுக்கும் ஒரே டின் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடியில் படுக்கப் பிடிக்காதவர்கள் முதல் சர்வீஸில் கேட்டுப் பார்க்க வைக்கலாம். ஜாப் கார்டில் டிக் போட்டிருப்பதோடு திருப்தி அடையாமல், பிளக்கில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். புழுதி கலையாமல் அப்படியே இருந்தால் யாரும் திறந்து பார்க்கவில்லை.

ஊற்றிய தேதி, கிலோமீட்டர், எத்தனை மில்லி ஏற்றது என்பதை எழுதி வையுங்கள். ஹவுசிங்கைத் துடைத்துவிட்டுச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் அதே சமதளத்தில் மறுபடி பாருங்கள். மட்டம் அப்படியே இருந்தால் கையேட்டில் சொன்ன இடைவெளியில் பார்த்தால் போதும். மறுபடி இறங்கியிருந்தால் மேலும் ஊற்றாமல், எழுதி வைத்த கணக்கோடு வண்டியை சர்வீஸில் விட்டு, சீல், ப்ரீதர், ஹவுசிங் வெல்டிங் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.