திசைவாரி அலைநிரல்: சொல் விளக்கம்

'டைரக்‌ஷனல் வேவ் ஸ்பெக்ட்ரம்' என்பதைத் தமிழில் திசைவாரி அலைநிரல் எனலாம். காற்று எழுப்பிய கடலலைகளில் எந்தத் திசையிலிருந்து, எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு ஆற்றல் வருகிறது என்று பிரித்துக் காட்டும் கணக்கு இது.

ஸ்பெக்ட்ரம் லத்தீன் சொல். பார்த்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. தோற்றம் என்று பொருள். முப்பட்டகத்தில் பிரிந்த ஒளிக்கு நியூட்டன் 1672இல் அதை எடுத்தாண்டார். நம் பாடநூல்களில் அது நிறமாலை ஆனது. ஒளிக்குச் சரி, கடலலையில் நிறம் ஏது? தொலைத்தொடர்பில் வழங்கும் அலைக்கற்றையும் ஒட்டவில்லை. கற்றை என்றால் சேர்த்துக் கட்டியது. இங்கே வேண்டியதோ பிரித்து அடுக்கியது. நிரல் என்றால் வரிசை. நிரல்நிறை அணியில் சொற்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்குரிய பொருள்களை அதே வரிசையிலும் நிறுத்துவோமே, அந்த ஏற்பாடுதான் இதுவும்: ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் நேராக அதன் ஆற்றல். கணினி நிரலோடு குழம்பாது, முன்னால் 'அலை' நிற்கிறது.

அலை உயரத்தை மட்டும் சொன்னால் போதாதா என்றால், போதாது. அலையாற்றல் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 1 மீட்டர் உயரமுள்ள சீரான அலையில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்குச் சுமார் 1,250 ஜூல். ஆனால் ஒரே உயரமுள்ள இரண்டு அலைகளில் ஒன்று 5 நொடிக்கு ஒருமுறையும் மற்றது 14 நொடிக்கு ஒருமுறையும் வந்தால், ஆழ்கடலில் இரண்டாவதன் ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகத்தில் நகரும். முதலாவது பக்கத்துக் காற்று கிளப்பியது, இரண்டாவது எங்கோ அடித்த புயலின் வேலை. கப்பலையும் துறைமுகத்தையும் இரண்டும் ஒரே மாதிரி ஆட்டுவதில்லை.

இவற்றைப் பிரித்துத் தருவது பெரும்பாலும் ஒரு மிதவைதான். உள்ளே இருக்கும் முடுக்கமானி, அதாவது வேகம் மாறுவதை அளக்கும் கருவி, ஏற்ற இறக்கத்தைப் பதியும். திசைக்குச் சாய்வு வேண்டும். மேற்கிலிருந்து அலை வந்தால் மிதவையின் மேற்கு விளிம்பு முதலில் தூக்கும். வடக்கு தெற்காக அசைவே இராது. இரு சாய்வுகளையும் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டால் திசை கிடைத்துவிடும். 2018இல் ஏவப்பட்ட சீன, பிரெஞ்சுக் கூட்டுச் செயற்கைக்கோளான சிஎஃப்ஓசாட் விண்ணிலிருந்து ரேடார் மூலம் இந்த நிரலை அளந்தது.

அப்புறம், வாசிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலைத் திசை பெரும்பாலும் காற்றைப் போலவே வரும் பக்கத்தைச் சொல்லும்; நீரோட்டத்துக்கோ போகும் பக்கம்.