ஓடும் டிஸ்க்கை உருவலாமா?

ஸ்டோரேஜ் பெட்டியை ஆஃப் செய்யாமலே ஹார்ட் டிஸ்க்கை உருவலாம் என்கிறார்களே, நிஜமா என்று மார்த்தாண்டத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஹாட் ஸ்வாப் வசதி உள்ள பெட்டி என்றால் உருவலாம். எந்த டிஸ்க்கை, எப்படி என்பதில்தான் சங்கதி.

முதலில், பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் சரக்கைக் காப்பாற்றும் ரெய்டு 5 என்ற முறை பற்றிச் சுருக்கமாக. நாலு டிஸ்க் போட்டால் மூன்றின் அளவுக்குத்தான் சரக்கு; மீதி ஒரு டிஸ்க் அளவு இடத்தில், நாலிலும் பரவலாக, மற்றவற்றின் பிட்களை எக்ஸார் போட்ட (1-கள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்க்கும் கணக்கு) விடை இருக்கும். ஒன்று போனால் மிச்சம் மூன்றை வைத்துக் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம். இரண்டு போனால் போச்சு.

நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் இரண்டாவது போனது எப்படித் தெரியுமா? திரையில் 'டிஸ்க் 2 பழுது' என்று வந்தது, கடைப் பையன் இடமிருந்து இரண்டாவதை உருவிவிட்டான், அந்தப் பெட்டியோ 0, 1, 2, 3 என்று எண்ணுகிற ரகம். நல்ல டிஸ்க் அவன் கையில், கெட்டது உள்ளே, மூன்று வருஷக் கல்யாண வீடியோ அந்தரத்தில். ஆயுத பூஜைக்கு ஸ்பேர் டிஸ்க்கின் மூச்சுத் துளையிலேயே, அதுவும் 'இந்தத் துளையை மூடாதே' என்று அச்சடித்திருக்கும் இடத்திலேயே, சந்தனப் பொட்டு வைத்த கடை அது. பொட்டுக்குப் பதில் டிஸ்க்கை மாட்டும்போதே சீரியல் நம்பரை எழுதி ட்ரே முகப்பில் ஒட்டியிருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும்.

சரி, டிஸ்க் எது என்று உறுதியானதும் மென்பொருளில் முதலில் ஃபெயில், அப்புறம் ரிமூவ். இது டிஸ்க்கைக் கூட்டத்திலிருந்து விலக்கும், அவ்வளவுதான். உள்ளே தட்டு சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். 7200 ஆர்பிஎம் டிஸ்க்கில் தட்டு நொடிக்கு 120 சுற்று சுற்றுகிறது, அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, அதற்குச் சில நானோமீட்டர் மேலே காற்று மெத்தையில், தகவலைப் படித்து எழுதும் ஹெட் மிதக்கிறது. கரண்ட் போனால் வேகம் குறையும், மெத்தை மெலியும், ஹெட் தட்டில் உட்கார்ந்து உரசும். அதற்குள் அதைத் தட்டுக்கு வெளியே இருக்கும் சின்னச் சரிவில் ஏற்றியாக வேண்டும். எந்தக் கரண்டில்? நீங்கள்தான் உருவிவிட்டீர்களே!

சுற்றுகிற தட்டே கொடுக்கிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை பார்த்திருப்பீர்கள், சுழற்சி மின்சாரமாகும் அதே கதைதான். இங்கே காற்றுக்குப் பதில் தட்டின் மிச்ச வேகம். கரண்ட் நின்ற நொடியில் மோட்டார் டைனமோவாக மாறுகிறது, அதில் பிறக்கும் மின்சாரம் ஹெட்டைத் தாங்கும் கையின் சுருளுக்குப் பாய்கிறது, கை விலகிச் சரிவில் ஏறிவிடுகிறது. தட்டு நிற்பதற்கு வெகு முன்பே வேலை முடிந்துவிடும்.

அதனால் ட்ரேயை ஓர் அங்குலம் மட்டும் இழுத்து அரை நிமிஷம் விடுங்கள். அவசரப்பட்டு முழுசாக உருவிச் சாய்த்துப் பார்த்தால், கைக்குள் பம்பரம் இருப்பது போல மணிக்கட்டைத் திருகும்.