மத்ஹஃப்: கொடையும் காட்சியும் கூடிய சொல்

மத்ஹஃப் (அரபு, பெயர்ச்சொல், பன்மை மதாஹிஃப்): அருங்காட்சியகம். தோஹாவில் உள்ள அரபு நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சிறப்புப் பெயரும் இதுவே.

முதலில் உச்சரிப்பு. ஆங்கில எழுத்தில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் 'மதாஃப்' என்று படித்துவிடுகிறார்கள். அரபியில் தகரமும் ஹகரமும் தனித்தனி எழுத்துகள். நம் 'பத்து'வில் வரும் த் ஒலியோடு முதல் அசையை நிறுத்தி, தொண்டையிலிருந்து ஹகரத்தை எழுப்ப வேண்டும்: மத்-ஹஃப்.

வேர் த-ஹ-ஃப. இதில் பிறந்தது 'துஹ்ஃபா'. உருதிலும் இந்தியிலும் பரிசைக் குறிக்கும் 'தோஃபா' இதுதான். பழைய அரபு அகராதிகள் துஹ்ஃபாவுக்குத் தரும் பொருள் அழகானது: அருமையாகக் கிடைத்த பழம், மணமுள்ள தழை, ஒருவரை மகிழ்விக்க அன்போடு கொடுப்பது. கலைப்பொருள் என்ற பொருள் பின்னால் வந்தது. வேரின் முன் 'ம' சேர்ந்தால் இடப்பெயர். ஓதும் இடம் மதரஸா, எழுதும் இடம் மக்தப், துஹ்ஃபாக்கள் இருக்கும் இடம் மத்ஹஃப். 'பரிசளித்தான்' என்ற வினை 'அத்ஹஃப' என்பதால் 'முத்ஹஃப்' என்பதே இலக்கணப்படி சரி என்று வாதிடுவோர் உண்டு. மக்கள் நாவில் நிலைத்தது மத்ஹஃப். 19-ஆம் நூற்றாண்டு எகிப்தில் அருங்காட்சியகத்தை 'அன்திக்கானா' என்றார்கள். பழம்பொருளைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லோடு, நம் ஜிம்கானாவில் வரும், வீடு அல்லது இடம் என்று பொருள்படும் அதே பாரசீகக் 'கானா' சேர்ந்த கலவை அது.

தோஹா மத்ஹஃபுக்கு இந்தப் பெயர் வேரோடு பொருந்துகிறது. கத்தார் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் ஹசன் பின் முஹம்மது அல் தானி பல ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்த ஓவியங்களும் சிற்பங்களும்தான் அதன் அடித்தளம். 1990-களில் ஈராக் பொருளாதாரத் தடையில் நொறுங்கிக்கிடந்தபோது இஸ்மாயில் ஃபத்தாஹ், ஷாகிர் ஹசன் அல் சயீத் போன்ற பாக்தாத் கலைஞர்களுக்கு தோஹாவில் இடம் கொடுத்தவர் அவர். 2003-இல் பாக்தாத்தின் நவீனக் கலைத் தொகுப்பு சூறையாடப்பட்டதை நினைத்தால், வெளியே காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு படைப்பும் எவ்வளவு பெரிதென்று புரியும். அந்தத் தனியார் தொகுப்பு பொதுச்சொத்தாகி, பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் 2010 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. தொடக்கக் கண்காட்சியின் பெயர் 'சஜ்ஜில்'. 'பதிவு செய்' என்னும் ஏவல் வினை.

தமிழில் எது சரி? 'மியூசியம்' கிரேக்கக் கலைத்தேவியரின் இருப்பிடம்; அதற்கும் துஹ்ஃபாவுக்கும் உறவில்லை. இலங்கை வழக்கான 'நூதனசாலை' புதுமையைச் சொல்கிறது. சென்னையில் முன்பு எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றது, உள்ளே இருந்த பாடம் செய்த உடல்களைப் பார்த்து. அருமை, காட்சி, அகம் மூன்றும் கூடிய 'அருங்காட்சியகம்' அரபுச் சொல்லுக்கு மிக நெருக்கம். அதில் விடுபடுவது ஒன்றே ஒன்று: கொடை. 'கொடைக்காட்சியகம்' என்று புதிதாகக் கட்டினால் நன்கொடை வசூலிக்கும் இடம்போல ஒலிக்கும், வேண்டாம்.

எழுதும்போது 'மத்ஹஃப் அருங்காட்சியகம்' என்று அடுக்கினால் 'நடுசென்டர்' கதைதான். பொதுப்பெயராக வரும் இடத்தில் அருங்காட்சியகம். சிறப்புப் பெயராக வரும் இடத்தில் 'தோஹா மத்ஹஃப்' போதும். தனித்தனிப் பொருளான துஹ்ஃபாவுக்கு 'அரும்பொருள்' என்று எழுதலாம்.