ஆறு கூட்டினால் வட்டம், பன்னிரண்டு கூட்டினால் அலை

வாசகி ஒருவர் புகைப்படம் ஒன்றை அனுப்பியிருந்தார். வெளியே போக முடியாமல் வீட்டோடு இருக்க நேர்ந்த நாட்களில், கொக்கியால் நூலைப் பின்னும் குரோஷே பழகத் தொடங்கியிருக்கிறார். முதல் முயற்சி, கோப்பைக்கு அடியில் வைக்கும் வட்ட விரிப்பு. எளிதிலும் எளிது என்று எல்லோரும் சொல்லும் வேலை. படத்தில் தெரிந்ததோ, காற்றில் படபடக்கும் பாவாடையின் ஓரம்போல் மேலும் கீழுமாக நெளிந்து கிடந்த ஒன்று. "செய்முறையில் சொன்னபடி முதல் சுற்றில் பன்னிரண்டு, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பன்னிரண்டு கூட்டினேன். எண்ணிக்கை தவறவில்லை. இஸ்திரி போட்டும் படியவில்லை. என் கை இறுக்கமா, நூல் சரியில்லையா?" என்று கேட்டிருந்தார்.

கையும் நூலும் நன்றாகத்தான் இருக்கின்றன. கோளாறு ஒரு பெயரில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது, அதைத் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

குரோஷேயின் அடிப்படை அசைவு ஒன்றுதான். கொக்கியில் ஏற்கெனவே ஒரு கண்ணி இருக்கும். கொக்கியைத் துணியில் நுழைத்து, நூலை வளைத்துப் பிடித்து, அதைக் கண்ணிக்குள் இழுத்துவர வேண்டும். பழைய கண்ணி கழன்று துணியோடு சேரும். புதிய கண்ணி கொக்கியில் நிற்கும். நூலைக் கொக்கியில் எத்தனை முறை சுற்றிவிட்டு இழுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பின்னல் குட்டையாகவோ நெட்டையாகவோ வரும். கூட்டுதல் என்றால், கீழ்ச்சுற்றின் ஒரே பின்னலுக்குள் இரண்டு பின்னல் போடுவது.

இப்போது வட்டம். குட்டைப் பின்னல் ஒன்றின் அகலமும் உயரமும் ஏறத்தாழச் சமம். ஒரு சுற்று முடித்தால் வட்டத்தின் ஆரம் ஒரு பின்னல் உயரம் கூடுகிறது. ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு இரண்டு பை, அதாவது 6.28 கூடும் என்பது பள்ளிப் பாடம். 6.28 பின்னல் போட முடியாது, ஆறு போடுகிறோம். குட்டைப் பின்னல் அகலத்தைவிட உயரத்தில் சற்றே குறைவு, நூலும் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். மிச்சமிருக்கும் 0.28 அதில் மறைந்துவிடுகிறது. ஆக, ஆறில் தொடங்கி 12, 18, 24, 30 என்று போனால் விரிப்பு மேசையில் படிந்து கிடக்கும்.

இந்த ஆறு என்ற எண் வட்டம் எவ்வளவு பெரிதானாலும் மாறுவதில்லை என்பதுதான் வியப்பு. விரலளவு விரிப்புக்கும் அறையை நிறைக்கும் கம்பளத்துக்கும் சுற்றுக்கு ஆறுதான். பழைய புதிர் ஒன்று உண்டு. பூமியின் நடுக்கோட்டில், சுமார் 40,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டியிருக்கிறோம். அதை எல்லா இடத்திலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயர்த்த எவ்வளவு கயிறு கூடுதலாக வேண்டும்? 6.28 மீட்டர் போதும். ஒரு கால்பந்தைச் சுற்றிய கயிற்றை ஒரு மீட்டர் விலக்கவும் அதே 6.28 மீட்டர்தான். பள்ளியில் இதை முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. தாளில் போட்டுப் பார்த்த பிறகும் முழுதாக நம்பவில்லை. இருபதாவது சுற்றிலும் அதே ஆறைக் கூட்டி, துணி சமமாகவே கிடந்ததைக் கண்ட அன்றுதான் நம்பினேன்.

இந்த ஆறிலிருந்து விலகும்போது வேடிக்கை தொடங்குகிறது. மூன்று மட்டும் கூட்டினால், ஓரத்துக்கு வேண்டிய நீளம் கிடைக்காமல் துணி கூம்பாகக் குவியும். ஒன்றுமே கூட்டாவிட்டால் நேராக எழும்பிக் குழலாகும். முதலில் ஆறாகக் கூட்டி, நடுவில் கூட்டுவதை நிறுத்தி, பிறகு ஆறாகக் குறைத்தால் பந்து. பின்னல் பொம்மைகளின் தலையெல்லாம் இப்படித்தான் பிறக்கிறது. ஆறுக்கு மேல் கூட்டினால், மிகுதி நீளத்தை வைக்கத் தளத்தில் இடமில்லை. அது மேலும் கீழும் வளைந்து அலையாகிறது. பிளாஸ்டிக் பை ஒன்றை மெல்லக் கிழித்துப் பாருங்கள். கிழிந்த ஓரம் நெளிநெளியாக நிற்கும். அங்கே நீட்சி செய்வதை இங்கே கொக்கி செய்கிறது.

ஒரு நுணுக்கம். சுற்றுக்குப் பன்னிரண்டு என்று நிலையாகக் கூட்டினால், உபரி வளைவெல்லாம் நடுப்புள்ளியில்தான் இருக்கிறது. துணி எங்கும் ஒரே மாதிரி வளைய வேண்டுமானால், சுற்றுக்கு இத்தனை என்று கூட்டக் கூடாது. இத்தனை பின்னலுக்கு ஒன்று என்று கூட்ட வேண்டும். ஆசை மிகுதியில் ஒருமுறை ஒவ்வொரு பின்னலையும் இரட்டிப்பது என்று இறங்கினேன். 6, 12, 24, 48 வரை விளையாட்டாக இருந்தது. முதல் ஏழு சுற்றுகளும் சேர்ந்து 762 பின்னல். எட்டாவது சுற்று மட்டும் 768! தட்டையான வட்டத்தில் அந்தச் சுற்றுக்கு 48 போதும். ஒரு நூல் உருண்டை அந்தச் சுற்றிலேயே தீர்ந்து, கையில் இறுகிய பஞ்சுப் பூவொன்று மிஞ்சியது. ஐந்து அல்லது ஆறு பின்னலுக்கு ஒன்று கூட்டியிருந்தால் பொறுமைக்கும் நூலுக்கும் நல்லது.

இந்தப் பூவுக்குக் கணிதத்தில் பெரிய பெயர் இருக்கிறது: அதிபரவளையத் தளம். ஒரு நேர்கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் வரைய முடியும் என்பது யூக்ளிட் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. அதை நிரூபித்துவிடலாம் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் பலர் முயன்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஹங்கேரியின் போயாய், ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கி என்ற கணிதவியலாளர்கள் இருவரும், அப்படி இல்லாத ஒரு வடிவியலும் முரணின்றி நிற்கும் என்று தனித்தனியே எழுதினார்கள். அதில் அந்தப் புள்ளி வழியாக எண்ணற்ற கோடுகள் முதல் கோட்டைத் தொடாமலே போகும். முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகைக்குக் குறையும். தாளில் படித்தால் தலை சுற்றும்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1997இல் டைனா டைமினா என்ற லாத்வியக் கணிதவியலாளர் அதைக் கையில் கொடுத்தார். அதுவரை மாணவர்களுக்குக் காட்டிவந்தது தாள் துண்டுகளை ஒட்டிச் செய்த மாதிரி, தொட்டால் பிய்ந்துவிடும். ஸ்வெட்டர் பின்னும் ஊசியில் முயன்றால், ஒரு வரிசையின் கண்ணிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஊசியில் நிற்க வேண்டும். பெருகிக்கொண்டே போகும் வரிசையை அந்த ஊசி தாங்காது. குரோஷேயில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான் கொக்கியில். ஓரம் எவ்வளவு நீண்டாலும் கவலை இல்லை. துணியை மடித்தால் மடிப்புக் கோடுதான் அந்தத் தளத்தின் நேர்கோடு. முதலில் கீழே ஒரு கோடு மடித்துக்கொண்டு, அதற்குச் சற்று மேலே ஒரு புள்ளி வழியாக அதைத் தொடாதபடி மூன்று மடிப்பு போட்டு, வேறு நிற நூலால் தைத்துப் பாருங்கள். மூன்றுமே கீழே உள்ள கோட்டைச் சந்திக்காமல் விலகி ஓடும்.

2004இல் ஹிங்கே ஒசிங்கா, பெர்ன்ட் கிரவுஸ்கோஃப் என்ற இரு கணிதவியலாளர்கள் கணினி கணக்கிட்ட லோரென்ஸ் பரப்பு ஒன்றை, அதாவது ஒழுங்கற்ற இயக்கத்தை விளக்கும் சமன்பாடுகளிலிருந்து பிறக்கும் நெளிந்த பரப்பை, குரோஷே செய்முறையாக மாற்றினார்கள். ஒசிங்கா 25,511 பின்னல்களில் அதைப் பின்னி முடித்தார். ஆராய்ச்சி நிதி என்றதும் நமக்குப் பெரிய கருவிகளே கண்முன் வருகின்றன. பெரிய கருவிகள் வேண்டும்தான். ஆனால் இப்படி ஒரு மாதிரிக்கு ஆகும் நூல் செலவைக் கேட்டு ஒருவர் விண்ணப்பித்தால், 'பொழுதுபோக்கு' என்று ஓரங்கட்டாத குழு எத்தனை இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். மூளைக்குக் கூர்மை தரும், தீராத நோய் தீர்க்கும் என்று குரோஷேயைப் பற்றிப் பரப்பப்படும் கதைகளுக்கு மட்டும் காது கொடுக்க ஆள் குறைவில்லை.

சரி, வாசகியின் விரிப்புக்கு வருவோம். நெட்டைப் பின்னலின் உயரம் குட்டையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆரம் இரு மடங்கு வேகத்தில் வளர்வதால் அதற்குச் சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்ட வேண்டும். அமெரிக்கச் செய்முறைகளில் குட்டைக்கு 'சிங்கிள்', நெட்டைக்கு 'டபுள்' என்று பெயர். பிரிட்டிஷ் செய்முறைகளில் குட்டையே 'டபுள்', நெட்டைக்கு 'ட்ரெபிள்'. பெரிய குளறுபடி இது, இன்றுவரை தீரவில்லை. அவர் பார்த்தது அமெரிக்கச் செய்முறையாக இருக்கும். கை பழகியது பிரிட்டிஷ் பெயரை. 'டபுள்' என்று படித்துக் குட்டையாகப் போட்டிருக்கிறார், நெட்டைக்கு உரிய பன்னிரண்டைக் கூட்டியிருக்கிறார். சமமாகக் கிடக்க 360 பாகை போதும் என்ற இடத்தில் 720 பாகைக்கான துணி சேர்ந்திருக்கிறது. இஸ்திரிப் பெட்டி என்ன செய்யும்?

முதல் சுற்றே பன்னிரண்டு என்பதால் நடுவளையம் வரை பிரிக்க வேண்டியிருக்கும். கொக்கியை உருவிவிட்டு நூலின் நுனியை இழுங்கள். பிடித்து நிறுத்தியிருந்தது அந்த ஒரு கண்ணி மட்டும்தான், மற்றவை வரிசையாக அவிழ்ந்து வந்துவிடும். பிரிக்கும் முன் துணியை ஒருமுறை மடித்துப் பார்த்துவிடுங்கள்.